சிலிண்டர் கிரில்லைக் குழாய் எரிவாயுவுக்கு மாற்றியபோது

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் நான்கு பர்னர் பார்பிக்யூ கிரில் பல ஆண்டுகளாகப் புரொப்பேன் சிலிண்டரில்தான் எரிந்துகொண்டிருந்தது. சிலிண்டரின் குணம் அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை; விருந்தினர் வந்து அமர்ந்து, அடுப்பு சூடேறி, பாதி வேலை முடிந்த பிறகுதான் அது தீரும். குளிர்ந்த மாலைகளில் வேறொரு தொல்லையும் உண்டு. உள்ளிருக்கும் திரவம் ஆவியாவதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால், நான்கு பர்னர்களையும் முழுவதுமாகத் திறந்துவிட்டால் சிலிண்டரின் வெளிப்புறத்தில் வியர்வை பூத்துப் பிறகு உறைபனியும் படியும். உள்ளே அழுத்தம் குறைந்து, சுடர் மெல்லத் தளரும். ஆகவே, சமையலறைக்கு வரும் இயற்கை எரிவாயுக் குழாயிலிருந்து ஒரு கிளையைப் பின்புறத்துக்கு நீட்டி, அதன் முனையில் ஒரு வால்வும் பொருத்தித் தருமாறு உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் தம் வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டார். மிச்சமிருப்பது ஒரு ஹோஸை மாட்டுவது மட்டுமே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்புக்கு உரம் போட்டது, ‘மாற்றுத் தொகுப்பு’ என்று அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டு விற்கப்பட்ட ஒரு பொருள். அதற்குள் ஒரு ஹோஸும் இயற்கை எரிவாயுவுக்கான ஒரு ரெகுலேட்டரும் மட்டுமே இருந்தன. இரண்டையும் பொருத்திப் பற்றவைத்தேன். சுடர் வந்தது, ஆனால் விரல் நகத்தின் உயரம்கூட இல்லை. மூடியை மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தும், முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் 250 டிகிரி செல்சியஸைத் தொட்ட வெப்பமானியின் முள் 120ஐத் தாண்டவில்லை. குழாயில் அழுத்தம் போதவில்லை என்று முடிவுகட்டி, தொழில்நுட்பரைத் தொலைபேசியில் அழைத்து முறையிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குழாயைக் குறை சொல்லாதீங்க சார், முதல்ல ஜெட்டைக் கழற்றிப் பாருங்க” என்றார். இந்தப் பதிவில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

ஒவ்வொரு பர்னருக்கும் பின்னால், குமிழைத் திருப்பும்போது திறக்கும் வால்வின் நுனியில், பித்தளையாலான ஒரு சிறிய திருகு இருக்கும். அதன் நடுவில் துளையிடப்பட்டிருக்கும். அதைத்தான் ஜெட் என்கிறோம். சிலர் நாசில் என்பார்கள். கிரில்லுக்குள் செல்லும் எரிவாயு எவ்வளவு என்பதைக் குமிழ் தீர்மானிப்பதாக நாம் நினைக்கிறோம். குமிழ் குறைக்க மட்டுமே வல்லது. உச்ச அளவைத் தீர்மானிப்பது அந்தத் துளை. என் கிரில்லின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது துளை இருக்கிறதா என்பதே ஐயமாக இருந்தது. அளந்தபோது அதன் விட்டம் 0.89 மில்லிமீட்டர். ஒரு குண்டூசி நுழையும், இரண்டாவதற்கு இடமில்லை.

புரொப்பேனுக்கு இந்தத் துளை போதும். ஒரு கன மீட்டர் புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 93 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். பெரும்பகுதி மீத்தேனாலான இயற்கை எரிவாயுவில் அதே கன அளவுக்கு 38 மெகாஜூல் அளவில்தான் கிடைக்கும். அழுத்தமும் வேறு. புரொப்பேன் கிரில்களின் ரெகுலேட்டர் பொதுவாக 11 அங்குல நீர்மட்டத்துக்கு (அவ்வளவு உயர நீர் தரும் அழுத்தத்துக்கு), அதாவது ஏறத்தாழ 27 மில்லிபாருக்கு அழுத்தத்தைக் குறைத்துத் தரும். எனக்கு வந்த இயற்கை எரிவாயு ரெகுலேட்டர் தருவது 4 அங்குலம் மட்டுமே. புதிய வாயுவுக்குச் சாதகமாக ஒன்றே ஒன்று உண்டு. காற்றோடு ஒப்பிட்டால் புரொப்பேனின் அடர்த்தி 1.52, இயற்கை எரிவாயுவின் அடர்த்தி 0.6 அளவில்; கனமற்ற வாயு துளை வழியே வேகமாகப் பாயும். துளை வழியே செல்லும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும், அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைவதால், இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பழைய ஜெட்டில் புதிய வாயு தரக்கூடிய வெப்பம், முன்பு கிடைத்ததில் நூற்றுக்கு நாற்பது பங்குதான். வெப்பமானியின் முள் ஏன் பாதி வழியில் நின்றது என்பது ஒரு காகிதத் துண்டில் விளங்கிவிட்டது. தொழில்நுட்பரிடம் முறையிட்டதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

வெப்ப மதிப்பை அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு வொபே எண் என்று பெயர். 1920களில் இதை முன்வைத்த கோஃப்ரெடோ வொபே என்ற இத்தாலியரின் பெயரால் வழங்குகிறது. இயற்கை எரிவாயுவுக்கு இது 50ஐ ஒட்டியும் புரொப்பேனுக்கு 75க்கு மேலும் இருக்கும். இரண்டு வாயுக்களின் வொபே எண் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், ஒரே அழுத்தத்தில் ஒரே ஜெட்டில் அவற்றை மாற்றி மாற்றி எரிக்கலாம். இவ்வளவு விலகியிருந்தால் அடுப்பைத்தான் மாற்ற வேண்டும். பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை ஒரு நாடு முழுவதற்கும் இந்த வேலையைச் செய்தார்கள். நிலக்கரியிலிருந்து தயாரித்த நகர வாயுவை விட்டுவிட்டு வட கடலின் இயற்கை எரிவாயுவுக்கு மாறியபோது, ஏறத்தாழ 1.3 கோடி வாடிக்கையாளர்களின் 4 கோடி அளவிலான சாதனங்களை வீடு வீடாகச் சென்று மாற்றினார்கள். அங்கேயும் வேலையின் மையம் பர்னரும் ஜெட்டும்தான். ஒரு கிரில்லின் முன் மண்டியிட்டு அமர்ந்திருந்த எனக்கு அந்தக் கணக்கு ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கிரில்லைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். இந்த மாதிரியை மாற்ற இயலாது, இயற்கை எரிவாயுவுக்கென்று தனி மாதிரி இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. முதலில் எரிச்சலாக இருந்தாலும், இதில் பாதி நியாயம் உண்டு என்று இப்போது கருதுகிறேன். ஒரு கிரில் பாதுகாப்புச் சான்றிதழ் பெறுவது ஒரு குறிப்பிட்ட வாயுவுக்கும் ஜெட்டுக்கும் ரெகுலேட்டருக்குமாகத்தான்; அதில் ஒன்றை மாற்றினாலும் அந்தச் சான்றும் உத்தரவாதமும் செல்லாமல் போகும். உங்கள் கிரில்லுக்குத் தயாரிப்பாளரே மாற்று ஜெட்களைத் தருவாரானால், கையால் துளையிடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அவற்றை வாங்குங்கள். எனக்கு அந்த வழி இல்லை என்பதாலும், உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்பதாலும், வேலை முடிந்ததும் தாமே வந்து சோதிப்பதாகத் தொழில்நுட்பர் ஒப்புக்கொண்டதாலும்தான் மேற்கொண்டு இறங்கினேன்.

வெப்பம் குறையாமல் இருக்க வேண்டுமானால் துளையின் பரப்பு இரண்டரை மடங்கு ஆக வேண்டும். அதாவது விட்டம் ஏறத்தாழ 1.6 மடங்கு. 0.89ஐ அதனால் பெருக்கினால் 1.42 வருகிறது. எண் முறையில் விற்கப்படும் டிரில் பிட்களில் 54ஆம் எண் 1.40 மில்லிமீட்டர், போதுமான அளவு நெருக்கம். இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த 1.6 என்ற பெருக்கம் 4 அங்குல அழுத்தத்துக்கானது. சில கிரில்களின் இயற்கை எரிவாயு ரெகுலேட்டர் 7 அங்குலம் தரும். அப்போது விட்டம் 1.4 மடங்கு ஆனால் போதும். இணையத்தில் யாரோ எழுதிய ஜெட் அளவை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பத்தில் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம், 1.4க்குப் பதில் 1.5 என்று துளையிட்டால் பரப்பும் அதனுடன் வாயுவும் நூற்றுக்குப் பதினைந்து கூடும்.

பழைய ஜெட்களில் கைவைக்காமல், அதே மரையுள்ள, துளையிடப்படாத பித்தளை ஜெட்களை வாங்கினேன். துளையைப் பெரிதாக்கலாம்; சிறிதாக்க முடியாது. ஈயம் வைத்து அடைத்து மறுபடி துளையிடலாம் என்று ஆலோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பர்னருக்கு ஓரங்குலத் தொலைவில் ஈயத்தை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. மின்சார டிரில்லை இதற்குப் பயன்படுத்தலாகாது. விரல்களுக்கிடையே வைத்துச் சுழற்றும் சிறிய கைப்பிடியில் பிட்டை மாட்டி, ஜெட்டை மரக்கட்டைகளுக்கிடையே இறுக்கி, அழுத்தாமல் சுழற்ற வேண்டும். பித்தளைத் தூள் பொன்னிறத்தில் கைரேகைகளில் ஒட்டிக்கொள்ளும். மூன்று ஜெட்கள் நன்றாக அமைந்தன. நான்காவதில் அவசரப்பட்டேன், பிட் நூலிழை சாய்ந்தது. கண்ணால் பார்த்தால் குறையே தெரியவில்லை. பற்றவைத்த பிறகுதான், அந்த ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக, ஒரு பக்கம் ஒருக்களித்து எரிந்தது. துளை சாய்ந்திருந்தால் பீறிட்டு வரும் வாயு, காற்றுடன் கலக்க வேண்டிய கலவைக் குழாயின் நடுவே செல்லாமல் சுவரில் மோதுகிறது. அதனால் தன்னுடன் இழுத்துவர வேண்டிய காற்றை முழுமையாக இழுப்பதில்லை. ஐந்தாவதாக ஒரு ஜெட்டைத் துளையிட்டேன். அந்தப் பழுதான ஜெட் இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. இரண்டு குண்டூசிகள் சேர்ந்தே அதில் நுழைகின்றன; நேராக அல்ல, சற்றுச் சாய்ந்து.

அடுத்த தவறு ஹோஸ். புரொப்பேனுக்கான பழைய ஹோஸ் நல்ல நிலையில் இருந்ததாலும், தொகுப்பில் வந்தது நீளம் போதாததாலும், ரெகுலேட்டருக்கு முன்னால் அந்தப் பழையதையும் ஒரு துண்டாக இணைத்திருந்தேன். ஒரு பர்னர் எரிந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. நான்கையும் திறந்தபோது எல்லாச் சுடர்களும் சேர்ந்து குன்றின. தொழில்நுட்பர் வந்தபோது தம் பையிலிருந்து எடுத்தது பெரிய கருவி ஒன்றுமில்லை: பாதியளவு வண்ண நீர் நிரப்பிய, ‘ப’ எழுத்தைப்போல் வளைந்த ஒரு தெளிந்த குழாய். அதன் ஒரு முனையைப் பர்னர்களுக்கு முன்னுள்ள சோதனைத் துளையில் செருகி, இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாட்டை அளவுகோலால் அளந்தார். ஒரு பர்னர் எரியும்போது 102 மில்லிமீட்டர், அதாவது சரியாக 4 அங்குலம். நான்கும் எரியும்போது 70. ‘அங்குல நீர்மட்டம்’ என்று அதுவரை எண்ணாக மட்டுமே படித்திருந்த ஒன்று, சிவப்பு நீர் கண்முன்னே இறங்குவதாகத் தெரிந்தது. அதே வெப்பத்துக்கு இயற்கை எரிவாயு ஏறத்தாழ இரண்டரை மடங்கு கன அளவில் பாய வேண்டும். அதைத் தள்ளும் அழுத்தமோ குறைவு. ஆகவே வழி அகலமாக இருந்தாக வேண்டும். அரை அங்குல உள்விட்டமுள்ள ஒரே நீள ஹோஸை மாட்டிய பிறகு, நான்கும் எரியும்போதும் நீர்மட்டம் 100க்குக் கீழே இறங்கவில்லை.

இனி காற்று. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 1855ஆம் ஆண்டளவில் வேதியியலாளர் ராபர்ட் புன்சன் தம் ஆய்வகத்துக்கென உருவாக்கிய விளக்கின் உத்திதான் இன்றுவரை ஒவ்வொரு கிரில்லின் வயிற்றிலும் இருக்கிறது: எரிவதற்கு முன்பே வாயுவுடன் காற்றைக் கலந்துவிடுவது. ஜெட்டுக்கு எதிரே, கலவைக் குழாயின் வாயைப் பாதி மூடியபடி ஒரு தகடு இருக்கும். அதை நகர்த்தினால் காற்றின் அளவு மாறும். என் கிரில்லில் புரொப்பேனுக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தார்கள்; இயற்கை எரிவாயுவுக்கு 3 மில்லிமீட்டரில் தொடங்குவது வழக்கம். தொடங்குவது என்றுதான் சொல்கிறேன், ஏனெனில் இறுதி அளவைச் சொல்ல வேண்டியது சுடர்தான். இந்த வேலையைப் பட்டப்பகலில் செய்யாதீர்கள். நல்ல சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. நான் பொழுது சாய்ந்த பிறகு மேல்தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு திருப்புளியுடன் அமர்ந்தேன். காற்று குறைந்தபோது சுடரின் நுனிகள் மஞ்சளாகித் தளர்ந்து ஆடின; அப்படியே விட்டால் கரி படியும், கார்பன் மோனாக்சைடும் கூடும். தகட்டைத் திறந்துகொண்டே போனபோது சுடர் நீலமாகிக் கூர்மை பெற்றது. இன்னும் திறந்தபோது சீறும் ஓசையுடன் பர்னரின் துளைகளை விட்டு எழும்பி நின்றது, இரண்டு இடங்களில் அணைந்தும் போனது. அங்கிருந்து மெல்லப் பின்வாங்கி, சுடர் துளைகளில் உட்கார்ந்து, உள்ளே தெளிவான நீலக் கூம்பும் வெளியே மங்கிய நீலமுமாக அமைதியாக எரிந்த இடத்தில் திருகை இறுக்கினேன். நான்கு பர்னர்களுக்கும் ஒரே இடைவெளி பொருந்தவில்லை. மூன்றாவதன் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை பின்னியிருந்தது. இது சிரித்துவிட்டுப் போகிற செய்தி அல்ல. அடைபட்ட குழாயில் வாயு பின்னோக்கி வழிந்து, குமிழ்களுக்குப் பின்னால் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு.

குமிழைச் ‘சிறியது’ என்ற நிலைக்குத் திருப்பும்போது சுடர் அணையாமலும் வீணாக உயராமலும் இருக்க, வால்வின் தண்டுக்குள் ஒரு நுண்ணிய திருகு இருக்கும். குமிழை உருவி எடுத்துவிட்டு மெல்லிய திருப்புளியால் அதைச் சற்றுத் திறக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிட வேலை.

கசிவுச் சோதனையை இரண்டு முறை செய்தேன். ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதைவிட நம்பகமான எளிய வழி வேறில்லை. கூம்பாக அமரும் பித்தளை இணைப்புகளில் டேப் சுற்றக்கூடாது. உலோகம் உலோகத்தில் பதிந்து அடைப்பதே அவற்றின் வேலை, டேப் அதைக் கெடுக்கும். மூக்கையும் நம்பலாம், ஓரளவு. இயற்கை எரிவாயுவுக்கும் புரொப்பேனுக்கும் சொந்தமாக வாசனை கிடையாது. நாம் உணரும் அந்த நாற்றம் பின்னர் சேர்க்கப்படுவது. டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில் 1937 மார்ச் 18 அன்று மணமற்ற இயற்கை எரிவாயு கட்டடத்தின் அடியில் தேங்கி வெடித்து, முந்நூறு பேர் அளவில், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்த பிறகுதான் அந்த நாற்றம் அங்கே சட்டமாயிற்று. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில் தவழ்ந்து பள்ளங்களில் தேங்கும்; இயற்கை எரிவாயு மேலே எழும்பும். கிரில்லைச் செங்கல் மேடைக்குள் பதித்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சிலிண்டர் காலத்தில் அடியில் விட்ட காற்றுத் திறப்பு மட்டும் போதாது, மேற்பகுதியிலும் திறப்பு வேண்டும்.

தொழில்நுட்பர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கிரில்லின் பின்புறத் தகட்டில் ‘புரொப்பேன்’ என்று பொறித்திருந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, “இதை அடிச்சு எழுதாம நான் கிளம்ப மாட்டேன் சார்” என்றார். காரணம் புரிந்தது. எனக்குப் பிறகு யாரேனும் தகட்டை நம்பிச் சிலிண்டரை இணைத்தால், பெரிதாக்கிய ஜெட்டில் புரொப்பேன் பாய்ந்து, இரண்டரை மடங்கு வாயுவுடன் மஞ்சள் தீ மூடிக்கு மேல் எழும்பும். சூடு தாங்கும் ஒட்டுத்தாளில் வாயுவின் பெயர், அழுத்தம், ஜெட்டின் அளவு, மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதி அந்தத் தகட்டின் மேல் ஒட்டினோம். பழைய ஜெட்கள் நான்கையும் ஒரு சிறு டப்பாவில் போட்டு, கிரில்லின் காலில் கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன். வீடு மாறினால் திரும்பவும் தேவைப்படலாம்.

முள் இப்போது பதினொரு நிமிடத்தில் 250ஐத் தொடுகிறது. கிரில் ஹோஸின் நீளத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது. முன்போல் நிழலைத் தேடி உருட்டிச் செல்ல முடியாது. பக்கவாட்டில் இருக்கும் அகச்சிவப்பு பர்னரை மட்டும் மாற்றவில்லை. அது பீங்கான் தகட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகளில் எரிவது. அந்தத் துளைகள் எந்த வாயுவுக்கென்று வடிவமைக்கப்பட்டனவோ அதை விட்டு மாறினால் சுடர் தகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. அதன் இணைப்பைப் பித்தளை மூடியால் அடைத்துவிட்டார் தொழில்நுட்பர். அந்தப் பர்னரின் மேல் இப்போது இடுக்கியும் தூரிகையும் கிடக்கின்றன.